ஐந்தாம் வளைவின் மஞ்சள் கொடி

என் கணவர் கார் ரேஸ் ஓட்டுகிறவர் என்று சொன்னால் யாரும் லேசில் நம்புவதில்லை. அவிநாசி சாலையில் அவர் ஓட்டும் காரில் ஒருமுறை உட்கார்ந்து வந்தவர்கள், சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். நாற்பதுக்கு மேல் முள் ஏறாது. டவுன் பஸ் ஹாரன் அடித்துவிட்டு முந்தும், ஆட்டோ முந்தும், கடைசியில் மொபெட்டில் கீரைக்கட்டு வைத்துக்கொண்டு போகிறவரும் முந்திப் போய், யார் இது என்று திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். பக்கத்து சீட்டில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

“ட்ராக்குல அத்தன பேரும் ஒரே பக்கந்தான் போறாங்க. இங்க யாரு எந்தப் பக்கம் திரும்புவாங்கன்னு அவங்களுக்கே தெரியாது.”

ரேஸ்காரர்களோடு பழகியதில் நான் கண்டுகொண்டது, அவர்கள் வாயிலிருந்து வருகிற ஞானத்தில் பாதி இப்படிச் சாக்குப்போக்காகத்தான் பிறக்கிறது. வண்டி சுழன்றுவிட்டால் டயர் சூடாகவில்லை. பின்தங்கினால் முன்னால் போனவர் வழிவிடவில்லை. அவருடைய வண்டிக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருநாள் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “ஜெயிச்சா டிரைவர் ஜெயிச்சாருங்க. தோத்தா வண்டி தோத்துச்சுங்க. இத்தன வருசத்துல ஒரு டிரைவர் தோத்து நான் பாத்ததே இல்லீங்க.”

என் கணவருக்கு வயது நாற்பத்தாறு. சிங்காநல்லூரில் பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை வைத்திருக்கிறார். வருடத்தில் நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள், ஊருக்குத் தெற்கே இருக்கிற ரேஸ் டிராக்கில், தன்னைப் போலவே வேறு பிழைப்பு பார்த்துக்கொண்டு ஆசைக்கு ஓட்டுகிற பத்துப் பன்னிரண்டு பேரோடு போட்டி போடுவார். இதற்கென்று ஒரு பழைய சின்னக் காரை வாங்கி, எடை குறைய வேண்டும் என்று உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றினார். பின் சீட்டு வீணாகப் போகக் கூடாது என்று அதற்கு நாலு இரும்புக் கால் வைத்து வெல்டிங் அடித்து, எங்கள் வீட்டு முன்னறையில் சோபாவாகப் போட்டுவிட்டார். அதில் உட்காரும் விருந்தாளிகளின் கை, தானாக சீட் பெல்ட்டைத் தேடும். சீட்டை இழந்த அந்தக் காருக்கு ரேஸில் நம்பர் நாற்பத்தொன்று.

நான் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறவள். பொறுமை கிடையாது. முதல் நாலு வருடம் இந்த ரேஸை வீட்டில் ஒரு பேச்சாகவே எடுக்கவிடவில்லை. அவர் டிராக்குக்குப் போகிற ஞாயிறுகளில் நான் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டாலும் பயம். ஒருநாள் ஒரே பையனின் தாளை இரண்டு முறை திருத்தி, இரண்டு வேறு மதிப்பெண் போட்டுவைத்தேன். அதற்கு மேல் வீட்டில் உட்காருவதில் அர்த்தமில்லை என்று தோன்றியது.

“வந்து கேலரில உக்காந்து பாரு” என்றார் அவர். உட்கார்ந்தேன். அது இன்னும் மோசம். கேலரியிலிருந்து நேர்ச்சாலை மட்டும்தான் தெரியும். வண்டிகள் ஓடிப்போய் வளைவில் மறைந்துவிடும், அடுத்த சுற்றில் திரும்ப வருகிறவரை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மார்ஷல் வேலைக்கு விருப்பமுள்ளவர்கள் பேர் கொடுக்கலாம், ஆண் பெண் இருபாலரும் என்று. மறைகிற இடத்திலேயே போய் நின்றுகொண்டால் என்ன என்று அன்றைக்கே பேர் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ஷல் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு வளைவிலும் ஒரு போஸ்ட் உண்டு. அதில் இரண்டு பேர் முதுகோடு முதுகாக நிற்பார்கள். ஒருவர் கையில் கொடி. அவர் பார்க்க வேண்டியது எதிரே வருகிற வண்டிகளை மட்டும். இன்னொருவர் கையில் ரேடியோ. அவர் போஸ்ட்டைத் தாண்டிப் போன வண்டிகளைப் பார்ப்பார். தாண்டிப் போன வண்டி ஏதாவது விழுந்துவிட்டால், ரேடியோக்காரர் குரல் கொடுக்க, கொடிக்காரர் மஞ்சள் கொடியை ஆட்டி, வருகிறவர்களுக்கு ஆபத்து இருக்கிறது மெதுவாகப் போ என்று சொல்ல வேண்டும். கன்ட்ரோல் அறையில் உட்கார்ந்திருப்பவர் சொன்னால் சிவப்புக் கொடி. சிவப்பு என்றால் ரேஸ் நிறுத்தம்.

கன்ட்ரோலில் உட்காருகிற தலைமை மார்ஷல்தான் எங்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். அன்றைக்கு அவர் சொன்னது இது: “உங்க முதுகுக்குப் பின்னால நடந்தது நடந்து முடிஞ்சுதுங்க. இனி நடக்கப்போறது உங்க முன்னாலதான் வருது. அதனால கொடி புடிச்சவங்க திரும்பவே கூடாது. பெத்த புள்ள உழுந்தாலும் திரும்பக் கூடாது.”

எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இருபது வருடமாகக் கரும்பலகையைப் பார்த்து நிற்கிறவள் நான். எழுதிக்கொண்டே, மூன்றாவது பெஞ்சில் யார் டிபன் டப்பாவைத் திறக்கிறான் என்று சொல்லிவிடுவேன். முதுகுக்குப் பின்னால் காது இருக்கிறது என்ற கர்வத்தோடு கொடியை வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கர்வம் முதல் வருடமே போயிற்று. ஒரு பைக் ரேஸில் என்னைத் தாண்டிப் போன பைக் சரிந்து தரையைத் தேய்க்கிற சத்தம் கேட்டது. அந்த மாதிரிச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. திரும்பிவிட்டேன். இரண்டு நொடி இருக்கும், மூன்று நொடி இருக்கும். கையில் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்து பைக்கில் வந்தவர் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் முழு வேகத்தில் வந்து, கிடந்தவர்மேல் ஏற்றாமல் இருக்க வண்டியை ஒடித்து, தானும் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். சாயங்காலம் கட்டுப் போட்ட கையோடு என்னைத் தேடி வந்து, “உங்களப் பயமுறுத்திப்போட்டேனுங்க, மன்னிச்சுக்கோங்க” என்றார். எங்கள் ஊர் மரியாதை சில நேரம் அடியைவிட வலிக்கும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதற்கடுத்த வருடத்திலிருந்துதான் ஐந்தாம் வளைவில் நிரந்தரமாக நின்றேன். எனக்கு ரேடியோ ஜோடியாக வந்தவர் வெள்ளகோவில்காரர். தேங்காய்க் களம் வைத்திருக்கிறார். உடைத்த தேங்காயை வெயிலில் காயப்போட்டு, காக்கை வராமல், மழை வராமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிற வேலை. “களத்துல உக்கார்றதும் இதுவும் ஒண்ணுதானுங்க அம்மணி. கண்ண எடுக்காமப் பாக்கோணும், அவ்வளவுதான்” என்பார். ரேஸ் நாளில் முதல் பஸ் பிடித்துச் சிங்காநல்லூர் வந்துவிடுவார். பஸ் ஸ்டாண்டில் அவரை ஏற்றிக்கொண்டு நான் காரில் டிராக்குக்குப் போவேன்.

ரேடியோவில் அவர் பேசுவதைக் கேட்க மற்ற போஸ்ட்காரர்கள் காத்திருப்பார்கள். விதிப்படி மூன்றே விஷயம்தான் சொல்ல வேண்டும்: வண்டி நம்பர், கிடக்கிற இடம், ஆளின் நிலைமை. அவரோ இப்படித் தொடங்குவார்:

“ஏனுங்க கன்ட்ரோல், சாப்டீங்களா? போஸ்ட் அஞ்சுங்க. இங்க ஒரு பைக்கு வழுக்கிப்போச்சுங்க. நம்பர் பதினேழுங்க. ஆளு எந்திரிச்சு நடக்கறாருங்க. பைக்குதான் பாவங்க, ஹேண்டில் வளைஞ்சுபோச்சு.”

“போஸ்ட் அஞ்சு, மூணு விசயம் மட்டும் சொல்லுங்க.”

“சரிங்க. சாப்பாட்டு வண்டி இன்னும் இங்க வல்லீங்க.”

இன்னொன்றும் அவரிடம் உண்டு. கெட்ட சேதி அவர் வாயில் வராது. ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் காரைப் பின்னால் எடுத்த நான் ஒரு கம்பத்தில் மோதிவிட்டேன். இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், “ஒண்ணுமில்லீங்க அம்மணி, பின்னால வெளக்கு கொஞ்சம் தொறந்தாப்ல இருக்குது” என்றார். போய்ப் பார்த்தால் விளக்கு இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. இது அவருக்கு மட்டும் உள்ள குணமில்லை. எங்கள் பக்கம் கெட்டதை நேராகச் சொல்வது மரியாதை கிடையாது. ‘ஒண்ணுமில்லீங்க, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க’ என்று போன் வந்தால், ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்று நாங்களாகப் புரிந்துகொண்டு கிளம்ப வேண்டும்.

என் கணவர் ஓட்டுகிற ரேஸுக்கு நான் கொடி பிடிக்கலாமா என்ற கேள்வி தலைமை மார்ஷலுக்கு இருந்தது. “அந்த ஒரு ரேஸுக்கு மட்டும் வேற ஆளப் போட்டுக்கட்டுங்களா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த ரேஸுக்காகத்தானே அங்கே போய் நிற்கிறேன். “அவரு உழுந்தா திரும்ப மாட்டீங்களே?” என்றார். “திரும்ப மாட்டேனுங்க” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, ஒவ்வொரு ரேஸிலும் எனக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. முகம் தெரியாத ஒரு பைக் ஓட்டிக்கே திரும்பியவள், இவருக்குத் திரும்பாமல் இருப்பேனா? திரும்பினால் இன்னொருவர் கை போகும், அல்லது உயிரே போகும். அது இவர் உயிராகவும் இருக்கலாம். இதை நான் யாரிடமும் பேசியதில்லை.

ஐந்தாம் வளைவு, டிராக்கிலேயே நீளமான நேர்ச்சாலை முடிகிற இடம். முழு வேகத்தில் வந்து, பிரேக் பிடித்து, வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். என்னைக் கடக்கும்போது அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை லேசாகத் தூக்குவார். “நாலஞ்சு வண்டி ஒண்ணா வருது, அதுல எனக்கு விரல் காட்டோணுமாக்கும்? அந்த விரலையும் ஸ்டியரிங்லயே வெச்சிருங்க” என்று வீட்டில் சண்டை போட்டிருக்கிறேன். மறுமுறையும் தூக்குவார். எனக்கும் அது பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

போன வருடத்தின் கடைசி ரேஸ் அது. வெயில் ஏறிய நேரம். நாலாவது சுற்றில் மூன்று வண்டிகள் ஒட்டிக்கொண்டு வந்தன. நடுவில் நாற்பத்தொன்று. விரல் தூக்கினாரா என்று தெரியவில்லை. மூன்றும் என்னைக் கடந்தன. ஒன்று இரண்டு என்று எண்ணுவதற்குள் பின்னால் சத்தம். முதலில் டயர் கீச்சிட்டது, பிறகு தகரத்தை உருட்டிவிட்ட மாதிரி தடதடவென்று, பிறகு சத்தமே இல்லை.

“மஞ்சள், அம்மணி!” என்று கத்தினார் வெள்ளகோவில்காரர். கொடி அதற்கு முன்பே என் கையில் ஆடிக்கொண்டிருந்தது.

மூன்றில் ஒன்று விழுந்திருக்கிறது. எது என்று தெரியாது. என் முதுகுக்குப் பின்னால் அவர் ரேடியோவில் பேசத் தொடங்கினார். அன்றைக்குச் சாப்டீங்களா இல்லை.

“கன்ட்ரோல், போஸ்ட் அஞ்சுங்க. ஒரு வண்டி கவுந்துபோச்சுங்க.”

“நம்பர் சொல்லுங்க.”

“தலகீழாக் கெடக்குதுங்க. புல்லுமேல கெடக்குது. ரோட்டுல எதுவும் இல்லீங்க.”

“போஸ்ட் அஞ்சு, வண்டி நம்பர் என்ன?”

“தீயணைக்கற பசங்க ஓடீட்டாங்க. டிரைவர் உள்ளதான் இருக்காருங்க.”

“நம்பர்! நம்பர் சொல்லுங்க!”

“வந்துங்க… வண்டி வந்துங்க…”

சாப்பாட்டு வண்டி வராததைக்கூடச் சொல்கிற மனிதர், டயரையும் ஹேண்டிலையும் தவறாமல் சொல்கிற மனிதர், நம்பரை மட்டும் சொல்லவில்லை. நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேனே என்றுதான் சொல்லவில்லை. அந்த மரியாதையிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அடுத்த நாலு வண்டிகள் எதிரே வந்துகொண்டிருந்தன. கொடியை இன்னும் உயர்த்தி ஆட்டினேன். நம்பர் தெரியாமல் கன்ட்ரோல் எதையும் முடிவு செய்யாமல் தவித்துக்கொண்டிருப்பது ரேடியோவில் கேட்டது.

“நாப்பத்தொண்ணுதானுங்களே?” என்று எதிரே பார்த்தபடியே கத்தினேன். “சொல்லிப்போடுங்க. நான் திரும்பல. சொல்லுங்க!”

“நாப்பத்தொண்ணுங்க, கன்ட்ரோல்” என்றார். அவர் குரல் அழுகிற குரலாக இருந்தது.

“எல்லா போஸ்ட்டும் சிவப்பு. சிவப்பு” என்று கன்ட்ரோலிலிருந்து வந்தது. மஞ்சளைப் போட்டுவிட்டுச் சிவப்பை எடுத்தேன். கடைசி வண்டியும் வேகம் குறைந்து என்னைக் கடந்து போகிறவரை நான் எதிரேதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகுதான் திரும்பினேன். கார் சக்கரங்களை மேலே காட்டிக்கொண்டு கிடந்தது. ரேஸ் நாளில் டிராக்கிலேயே இருக்கும் டாக்டர் புல்லில் குப்புறப் படுத்து ஜன்னல் வழியாக உள்ளே பேசிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு கை வந்து அவர் தோளைப் பிடித்தது. எப்படி ஓடினேன் என்று தெரியாது. நான் போய்ச் சேர்ந்தபோது என் கணவரை வெளியே எடுத்து உட்காரவைத்திருந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் என் வாயில் முதலில் வந்தது, “வண்டில பிரேக்குன்னு ஒண்ணு இருக்குதுங்களா இல்லீங்களா?” என்பதுதான். அவர் சிரிக்கப் பார்த்து, வலியில் முகத்தைச் சுளித்தார். வலதுபக்கக் காரை எலும்பு முறிந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை. அவர் பக்கத்திலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். சிவப்புக் கொடி இன்னும் என் கையில் இருந்ததை வெள்ளகோவில்காரர்தான் பார்த்து வாங்கிக்கொண்டார்.

கேலரியிலிருந்து எழுந்து வந்து வேலிப்பக்கம் நின்றிருந்த யாரோ போனில் எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தார்கள். நாங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து முடிப்பதற்குள் அது எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிட்டது. கார் உருளுகிறது, தலைகீழாக நிற்கிறது. ஓரத்தில் ஆரஞ்சு உடுப்புப் போட்ட ஒரு பெண்பிள்ளை அசையாமல் முதுகைக் காட்டி நின்று கொடி ஆட்டுகிறாள். அவ்வளவுதான் படம்.

என் கணவருடைய அக்கா அவிநாசியிலிருந்து வந்தார். நான் நங்கையா என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷி, மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார். “புருசன் தலகீழாத் தொங்கறான், நீ திரும்பிக்கூடப் பாக்காம கோயில் நோம்பிக்குக் கொடி கட்டறவளாட்ட நின்னுட்டிருந்தியாமா?” என்று கேட்டார். விதி அப்படி என்றேன். “என்ன விதியோ” என்று சொல்லிவிட்டு ஆரஞ்சுப் பழத்தை உரிக்கத் தொடங்கினார்.

நங்கையாவின் போனில் என் கணவரும் அந்தப் படத்தைப் பார்த்தார். மூன்று முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “ஒருவாட்டிகூடத் திரும்பல நீ?” என்றார்.

“கொடி புடிச்சவங்க திரும்பக் கூடாதுங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா?”

“அது செரி” என்றார்.

அந்த ‘அது செரி’ மூன்று வாரம் எங்கள் வீட்டில் குடியிருந்தது. கை கழுத்தில் மாட்டிய தூளியில் கிடக்க, அவர் அந்தப் பின் சீட்டு சோபாவில் படுத்திருப்பார். சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவேன், ‘அது செரி.’ அரிசிம்பருப்புச் சோற்றைக் குழைத்துக் கொடுத்தால் இடக்கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடுவார், உப்பு போதுமா என்றால் ‘அது செரி.’ எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் திரும்பியிருந்தால், பின்னால் வந்தவர் அவர்மேலேயே கொண்டுபோய் ஏற்றியிருப்பார். இது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மனதில் வைத்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு பக்கம் தலைமை மார்ஷல் போன் செய்து பாராட்டினார். அடுத்த பயிற்சி வகுப்பில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் பேச வேண்டும், என்ன மாதிரிக் கட்டுப்பாடு இருந்தால் அப்படி நிற்க முடியும் என்று சொல்ல வேண்டும் என்றார். பார்க்கலாங்க என்று போனை வைத்துவிட்டேன். பாராட்டு, திட்டைவிட அதிகமாக உறுத்தியது. ஏனென்றால், என் கணவரும் தலைமை மார்ஷலும் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் நடந்தது அல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவருக்குச் சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். முகமெல்லாம் நுரையோடு இருந்ததால் அவரால் ‘அது செரி’ சொல்ல முடியாது என்ற தைரியம்தான்.

“விதிக்காகத் திரும்பாம நின்னேன்னு எல்லாரும் நெனச்சிட்டிருக்காங்க. அப்படி இல்லீங்க. பயத்துல நின்னேன். திரும்பினா நீங்க என்ன ஆனீங்கன்னு தெரிஞ்சுபோயிருமே. திரும்பாத வரைக்கும் ஒண்ணும் ஆகலையாட்ட இருந்துச்சு. எதுத்தாப்ல வர்ற ஒவ்வொரு வண்டியிலயும் நாப்பத்தொண்ணத் தேடீட்டு இருந்தேனுங்க. நம்பரை என்ர வாயாலயே சொன்னதுக்குப் பொறவும் தேடுனேன். இன்னொரு சுத்துச் சுத்தி வந்து விரலத் தூக்குவீங்கன்னு.”

நுரை காய்ந்துகொண்டிருந்தது. நான் ரேசரைத் தண்ணீரில் கழுவினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு அவர் சொன்னார்.

“எல்லாருகிட்டயும் டயர் சூடாகலைன்னு சொல்லிப்போட்டேன். அது பொய்யி.”

“பின்ன?”

“அந்த எடத்துல எப்பவுமே நான் பிரேக்கக் கொஞ்சம் நேரங்கழிச்சுத்தான் மிதிப்பேன். நீ நிக்கறயில்ல. மத்தவங்களவிட நான் தகிரியமா வர்றத நீ பாக்கோணும்னு.” நிறுத்தினார். “அன்னிக்கு விரலத் தூக்குனேன் பாரு, அதுல இன்னும் நேரமாயிப்போச்சு.”

நாற்பத்தாறு வயது. பட்டறையில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தப்பினால் ஷாஃப்ட்டைத் தூக்கி வீசுகிறவர். கல்யாணமாகி இருபது வருடமான பெண்டாட்டிக்குத் தைரியம் காட்டப் போய்க் கவிழ்ந்திருக்கிறார். நான் கத்தியிருக்க வேண்டும். ரேசரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எலும்பு வலிக்குது, சிரிக்க வைக்காதே என்று கெஞ்சிக்கொண்டே சிரித்தார். சிரிப்பில் என் கண்ணில் வந்தது சிரிப்பினால் மட்டும் வந்ததல்ல. அவர் இடக்கையால் என் கன்னத்தைத் துடைக்கப்போய் நுரையை அப்பிவிட்டார்.

எலும்பு கூடியதும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மறுபடியும் ஓட்ட ஆரம்பித்தார். தடுக்கவில்லை. தடுத்தால் அவிநாசி சாலையிலேயே முப்பதில் ஓட்டத் தொடங்கிவிடுவார். ஆனால் தலைமை மார்ஷலிடம் போய், எனக்கு ஐந்தாம் போஸ்ட் வேண்டாம் என்றேன். அவருக்கு வருத்தம். பயமாக இருக்கிறதா என்று கேட்டார். “எனக்கில்லீங்க. எங்க ஊட்டுக்காரர் ஒழுங்கா பிரேக் மிதிக்கோணும், அதுக்குத்தான்” என்றேன். விளங்காமல் தலையாட்டினார். வண்டிகள் ஏற்கெனவே வேகம் குறைந்து ஊர்ந்து வருகிற ஒன்பதாம் வளைவைக் கொடுத்தார். அங்கிருந்து ஐந்தாம் வளைவு தெரியாது. நடுவில் ஒரு மேடு.

வெள்ளகோவில்காரர் ஐந்திலேயே இருந்தார். அவரோடு கொடி பிடிக்க வேறொருவர் வந்தார். காலையில் நான் காரில் கொண்டுவந்து இறக்கியபோது, வெள்ளகோவில்காரர் தன் கையிலிருந்த எள்ளுருண்டைப் பொட்டலத்தில் பாதியைப் பிரித்து என்னிடம் கொடுத்துவிட்டு நடந்தார்.

ரேஸ் தொடங்கியது. ஒன்பதில் எனக்கு ஜோடியாக நின்றவரின் ரேடியோ என் காதுக்குக் கேட்கும்படி இருந்தது. முதல் சுற்றில் வண்டிகள் நேர்ச்சாலையைத் தாண்டிய சத்தம் மேட்டுக்கு அப்பாலிருந்து வந்தது. அப்போது ரேடியோவில் அந்தக் குரல்.

“ஏனுங்க கன்ட்ரோல், போஸ்ட் அஞ்சுங்க. நாப்பத்தொண்ணு நல்லாப் போகுதுங்க.”

“போஸ்ட் அஞ்சு, ஏதாச்சும் ஆச்சுன்னா மட்டும் பேசுங்க.”

“சரிங்க.”

இரண்டாவது சுற்று. “ஏனுங்க கன்ட்ரோல், நாப்பத்தொண்ணு இப்பவும் நல்லாப் போகுதுங்க.”

“போஸ்ட் அஞ்சு, இதெல்லாம் சொல்ல வேண்டியதில்லீங்க.”

“சரிங்க, சரிங்க.”

மூன்றாவது சுற்றிலும் சொன்னார். அதற்கு மேல் கன்ட்ரோலிலிருந்து மறுப்பு வரவில்லை. நான் எதிரே பார்த்தபடி சுருட்டின கொடியோடு நின்றேன். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் அந்தக் குரல் வரும், கொஞ்ச நேரத்தில் நாற்பத்தொன்று மேட்டைச் சுற்றிக்கொண்டு என் எதிரே வரும். விரல் ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

கடைசிச் சுற்றில் ரேடியோ கரகரத்தது. “கன்ட்ரோல், நாப்பத்தொண்ணு தாண்டிப்போச்சுங்க. ஒண்ணுமில்லீங்க.”

பிறந்ததிலிருந்து எங்கள் ஊரில் கேட்டு வருகிற அந்த ‘ஒண்ணுமில்லீங்க’வை, அன்றைக்குத்தான் முதல்முறையாக அப்படியே நம்பினேன்.